விளையாட்டின் கணக்கேடும் விளையாடுபவனின் கூலியும்

விளையாட்டு என்றவுடன் ஓட்டமும் வியர்வையும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின், ஓடாமலும் வியர்க்காமலும், வரவு செலவுக் கணக்கைப் பார்த்தே ஆடப்படும் விளையாட்டொன்று ஐக்கிய அமெரிக்காவின் பேஸ்போலைச் சுற்றி எழுந்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நிலைபெற்றிருக்கிறது. 1997இல் கிளே ட்ரெஸ்லோ என்பவர் உருவாக்கிய 'பேஸ்போல் மோகல்', 1999இல் மார்க்கஸ் ஹைன்ஸோன் என்னும் ஜெர்மானியர் வெளியிட்ட 'அவுட் ஒவ் த பார்க் பேஸ்போல்' ஆகியவை இவ்வகைக் கணினி விளையாட்டுகளுள் பெயர்பெற்றவை. இவற்றிலே பந்தை எறிபவனும் அடிப்பவனும் கணினிக்குள் இருக்கும் எண்கள். ஆடுபவர் கையில் இருப்பதோ கழகத்தின் பேரேடு.

இப்பேரேட்டின் அமைப்பு எளிதானது. வரவுப் பக்கத்தில் நுழைவுச்சீட்டுப் பணம், ஒளிபரப்பு உரிமைப் பணம், சின்னம் பொறித்த சட்டை தொப்பி விற்ற பணம், செல்வக் கழகங்களிடமிருந்து வறிய கழகங்களுக்கு வந்து சேரும் பங்கு. செலவுப் பக்கத்தில் ஆட்டக்காரரின் சம்பளம், பயிற்றுநர் சம்பளம், ஊரூராகத் திரிந்து இளந்திறமைகளைக் கண்டறிவோருக்கான செலவு, அவ்விளைஞரைப் பழக்கியெடுக்கும் செலவு. நுழைவுச்சீட்டின் விலையை ஏற்றினால் இருக்கைகள் வெறுமையாகும்; இறக்கினால் அரங்கு நிரம்பும், பெட்டி நிரம்பாது. வென்றால் மக்களின் ஆர்வம் பெருகும். தோற்றால் மெல்லத் தேயும். நியூயோர்க் போன்ற பெருநகர்க் கழகத்துக்கும் சிறு நகர்க் கழகத்துக்கும் பிறப்பிலேயே வேற்றுமை உண்டு. 'அவுட் ஒவ் த பார்க்'கில் ஆடுபவர் உரிமையாளரும் அல்லர். அவர் சம்பளத்துக்கு அமர்ந்த பொது முகாமையாளர். உரிமையாளர் ஆண்டுக்கு இவ்வளவு என்று தொகையை அளந்து கொடுப்பார். எதிர்பார்த்தது கிட்டாவிடின் முகாமையாளரை வெளியேற்றவும் செய்வார். கூலிக்கு உழைக்கும் ஒருவரே முதலாளியின் கண்கொண்டு பிற கூலிக்காரரைப் பார்க்கும் இந்நிலையைக் கற்பனையென்று தள்ளிவிட முடியாது. தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் நாம் அன்றாடம் காணும் நிலையே அது.

இப்பேரேட்டை நிருவகிப்பவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய எண்கள் இரண்டு: மூன்று, ஆறு. இளம் ஆட்டக்காரன் ஒருவன் முதல்நிலைக் கழகத்தில் மூன்று ஆண்டு ஆடி முடிக்கும்வரை, குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே போகாமல், கழகம் விரும்பியதைக் கொடுத்தால் போதும். மூன்றாண்டு கழிந்தபின் சம்பளம் குறித்து அவன் நடுவர் முன் வழக்குரைக்கலாம். ஆறாண்டு கழிந்தபின், ஒப்பந்தம் முடிந்ததும், விரும்பிய கழகத்துக்குப் போகலாம். விளையாட்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் இவ்விரு எண்களும் சிறு பெட்டிகளில் எழுதப்பட்டிருக்கும். ஆடுபவர் விரும்பினால் ஆறை எட்டாக்கலாம், நான்காக்கலாம், சுதந்திர ஒப்பந்தம் என்பதே இல்லாமலும் செய்யலாம். ஒரு விரல் அசைவு போதும். ஆண்டுகளையும் போர்களையும் காரணமின்றி மனனம் செய்விக்கும் எங்கள் வகுப்பறைகளைப் போலவே இத்திரையும் எண்ணைத் தருகிறது. எண் வந்த வழியைச் சொல்வதில்லை. அந்த ஆறு என்னும் எண் அப்பெட்டிக்குள் வந்து சேரத் தொண்ணூற்றாறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

1876இல் தேசிய லீக் தோன்றியது. கழகங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு நல்ல ஆட்டக்காரரை அழைத்தமையால் சம்பளம் ஏறிற்று. இதைத் தடுக்க 1879இல் உரிமையாளர்கள் தமக்குள்ளே ஓர் இணக்கத்துக்கு வந்தனர். ஒவ்வொரு கழகமும் ஐந்து ஆட்டக்காரரைத் தனக்கென ஒதுக்கிக்கொள்ளலாம்; பிற கழகங்கள் அவர்களைத் தொடலாகாது என்பதே அது. ஐவர் என்பது சில ஆண்டுகளில் அணி முழுவதும் என்றாயிற்று. இதுவே 'தக்கவைப்பு விதி'. ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது, ஆட்டக்காரன் கையொப்பமிடாவிடினும் கழகம் ஓராண்டுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம் என்பது மட்டுமே. உரிமையாளர்களோ, புதுப்பித்த ஒப்பந்தத்திலும் அதே வாசகம் இருக்கிறது, ஆதலால் மறுபடியும் புதுப்பிக்கலாம், அதற்கு மறு ஆண்டும் புதுப்பிக்கலாம் என்று பொருள் கொண்டனர். ஓராண்டு ஆயுட்காலமாயிற்று. கழகம் அவனை விற்கலாம், மாற்றலாம், விலக்கலாம். அவனுக்கு இருந்த உரிமை ஒன்றே: ஆட்டத்தை விட்டுப் போதல்.

எதிர்ப்பு இல்லாமலில்லை. பந்தெறிவதோடு சட்டமும் கற்றிருந்த ஜோன் மொன்கொமரி வோர்ட் 1885இல் ஆட்டக்காரரின் சகோதரத்துவம் என்ற சங்கத்தை அமைத்தார். பேஸ்போல் ஆட்டக்காரன் ஓர் உடைமைப் பொருளா என்று வினவி 1887இல் கட்டுரையும் எழுதினார். 1890இல் ஆட்டக்காரரே பங்கேற்று நடத்திய தனி லீக்கும் தோன்றியது. ஒரே பருவத்தில் பணமுடை அதனைத் தின்றுவிட்டது. 1922இல் உச்ச நீதிமன்றம் பேஸ்போல் மாநிலங்களுக்கிடையிலான வணிகம் அன்று என்றும், ஆகவே ஏகபோகத் தடைச் சட்டம் அதனைக் கட்டுப்படுத்தாது என்றும் தீர்ப்பளித்தது. அணிகள் மாநிலம் விட்டு மாநிலம் இரயிலேறிச் சென்று பணம் ஈட்டிக்கொண்டிருந்த நாட்டிலே வழங்கப்பட்ட தீர்ப்பு இது! 1953இல் அதே நீதிமன்றம் அதனை மீண்டும் உறுதிப்படுத்தியது.

அக்காலக் கழகங்களின் உண்மையான கணக்கேட்டில் ஆட்டக்காரன் எந்தப் பத்தியில் இடம்பெற்றான் என்பது சுவையான செய்தி. இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பட்ட ஆண்டுகளில் பில் வீக் என்னும் உரிமையாளர் ஒரு வழியைக் கையாண்டு, பின்னர் தம் நூலில் அதனை ஒளிவுமறைவின்றி எழுதியும் வைத்தார். ஒரு கழகத்தை வாங்குபவர் கொடுத்த விலையின் பெரும்பகுதியை ஆட்டக்காரரின் ஒப்பந்தங்களுக்கான விலையென்று பதிவு செய்வார். பின்னர், இயந்திரத்துக்கும் கறவைப் பசுவுக்கும் கணக்கிடுவது போல ஆண்டுதோறும் தேய்மானம் கணக்கிட்டு, அத்தொகையை வருமானத்திலிருந்து கழித்து, வரியைக் குறைத்துக்கொள்வார். இலாபம் ஈட்டும் கழகம் ஏட்டில் நட்டம் காட்டும். தேய்ந்ததோ ஆட்டக்காரனின் தோளும் முழங்காலும். தேய்மானப் பயன் உரிமையாளருக்கு.

1966இல் மார்வின் மில்லர் என்பவரை ஆட்டக்காரர் தம் சங்கத்தின் தலைமைக்குத் தெரிந்தெடுத்தமை திருப்புமுனையாயிற்று. அவர் உருக்குத் தொழிலாளர் சங்கத்தில் பொருளியலாளராகப் பணியாற்றியவர். அவர் வந்தபோது குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 6,000 டொலர். இருபது ஆண்டுகளில் ஏறியிருந்தது ஆயிரம் டொலர் மட்டுமே. 1968இல் கைச்சாத்தான முதற் கூட்டு ஒப்பந்தம் அதனை 10,000 ஆக்கியது. மில்லர் அறைகூவல் விடுத்துப் பேசும் தலைவர் அல்லர். ஒப்பந்தப் பத்திரத்தை வரிவரியாக ஆட்டக்காரருக்கு வாசித்துக் காட்டிய ஆசிரியர் என்று அவரைச் சொல்லுதல் பொருந்தும்.

1969 ஒக்டோபரில் சென் லூயிஸ் கழகம் கேர்ட் ஃபிளட் என்ற ஆட்டக்காரரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியது. பன்னிரண்டு பருவம் அங்கே ஆடியவர், அக்காலத்தின் தலைசிறந்த நடுக்களக் காவலருள் ஒருவர், கறுப்பினத்தவர். செய்தி அவருக்கு எட்டியது தொலைபேசி வழியே. அவ்வாண்டு டிசெம்பர் 24ஆம் திகதி பேஸ்போல் ஆணையாளருக்கு அவர் கடிதம் எழுதினார்: தம் விருப்பத்தைக் கேளாமல் வாங்கவும் விற்கவும் தாம் உடைமை அல்லர் என்பதே அதன் சாரம். அவருக்கு அப்போது ஆண்டுச் சம்பளம் 90,000 டொலர். இவ்வளவு பெறுபவருக்கு என்ன குறை என்று ஏளனம் செய்தோர் பலர். அதிக சம்பளம் பெற்றாலும் அடிமை அடிமையே என்ற கருத்தில் அவர் விடையிறுத்தார்.

வழக்குத் தோற்குமென்று மில்லர் அவரிடம் மறைக்காது கூறினார்; வென்றாலும் அதன் பயன் பின்வருவோருக்கேயன்றி அவருக்குக் கிட்டாதென்றும் எச்சரித்தார். ஃபிளட் பின்வாங்கவில்லை. சங்கம் வழக்குச் செலவை ஏற்றது. ஜக்கி ரொபின்சன் போன்ற பழைய ஆட்டக்காரர் வந்து சாட்சி சொன்னார்கள். முன்னே நாம் கண்ட தேய்மான உபாயக்காரராகிய பில் வீக் கூட ஃபிளட்டின் பக்கம் நின்று சாட்சி சொன்னார். ஆயின் அன்று களத்தில் ஆடிக்கொண்டிருந்தவருள் ஒருவரேனும் நீதிமன்றத்தில் வந்து அமரவில்லை. அச்சம் அத்தகையது. 1972 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் ஃபிளட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் பிளக்மன், பழம்பெரும் ஆட்டக்காரரின் பெயர்களை நீளமாக அடுக்கி விளையாட்டின் புகழைப் பாடியபின்பே சட்டத்துக்கு வந்தார். அந்நீதிமன்றத்தின் முதற் கறுப்பின நீதியரசரான தேர்குட் மார்ஷல் மாறுபட்டார். ஃபிளட் 1971இல் வொஷிங்டன் அணிக்காகப் பதின்மூன்று ஆட்டங்களில் ஆடிவிட்டு முன்னரே களத்தை விட்டகன்றிருந்தார்.

நீதிமன்றம் திறக்க மறுத்த கதவை ஒப்பந்தப் பத்திரத்தின் ஒரு வரி திறந்தது. அண்டி மெஸர்ஸ்மித் என்ற பந்தெறிபவர் 1975 பருவம் முழுவதும் லொஸ் ஏஞ்சல்ஸ் கழகத்துக்காக ஒப்பந்தத்தில் கையொப்பமிடாமலே ஆடினார். டேவ் மக்னலியும் அவ்வாறே கையொப்பமிடாதிருந்தார். கழகம் புதுப்பித்த ஓராண்டு முடிந்தது. இனி அவர்கள் யாருக்கும் கட்டுப்பட்டவரல்லர் என்று சங்கம் வாதிட்டது. 1975 டிசெம்பர் 23ஆம் திகதி நடுவர் பீற்றர் சைற்ஸ் தீர்ப்பளித்தார்: ஓராண்டு என்றால் ஓராண்டே. உரிமையாளர் உடனே அவரை நடுவர் பதவியினின்று நீக்கினர், நீதிமன்றங்களுக்கும் ஓடினர். அத்தீர்ப்பை அசைக்க முடியவில்லை.

அப்படியாயின் ஆறு என்னும் எண் எங்கிருந்து வந்தது? இதுதான் இவ்வரலாற்றில் நுணுகி நோக்கத்தக்க இடம். தீர்ப்பின்படி எல்லா ஆட்டக்காரரும் ஓராண்டு பொறுத்தால் சுதந்திரம் பெறலாம். ஒக்லண்ட் கழக உரிமையாளர் சார்ள்ஸ் ஃபின்லி, எல்லோரையும் ஒருங்கே விடுவித்துவிடுங்கள் என்று தம் சகாக்களுக்குச் சொன்னார். அவர் கருணையால் சொல்லவில்லை. சந்தையில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வந்து நின்றால் விலை வீழும் என்று கணக்கிட்டே சொன்னார். சகாக்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. அவர் சொல்வதை முதலாளிகள் கேட்டுவிடக்கூடாதே என்று அஞ்சிக்கொண்டிருந்தவர் மில்லர் ஒருவரே! ஆண்டுதோறும் சிலர் மட்டும் சந்தைக்கு வந்தால் அவர்களுக்குப் போட்டி மிகும். அவர்கள் பெறும் விலை மற்றவரின் சம்பளத்தையும் உயர்த்தும் என்பது அவர் கணிப்பு. 1976 ஒப்பந்தத்தில் ஆறாண்டுச் சேவை என்று முடிவாயிற்று. முதலாளி தாம் காத்துக்கொண்டதாக நினைத்தார். தொழிற்சங்கவாதி தாம் வென்றதை அறிந்திருந்தார். ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும்: ஆறாண்டுக்கு முன்பே தோள் முறிந்து ஒதுங்கும் இளைஞனுக்கு இவ்வெற்றியில் பங்கு சிறிது.

நிற்க. கணக்கேட்டு விளையாட்டுகளுக்கும் இதற்கும் உள்ள உறவு யாதெனில், இப்போராட்டம் இல்லையேல் அவ்விளையாட்டுகளே இல்லை என்பதாகும். 1961இல் ஹால் ரிச்மன் வெளியிட்ட 'ஸ்ட்ராற் ஓ மற்றிக்' என்ற அட்டை விளையாட்டு அமெரிக்கச் சிறுவர் பலரை ஆட்கொண்டது. பகடையை உருட்டி, அட்டையிலுள்ள ஆட்டக்காரனின் திறனைப் பார்த்து ஆடுவது அது. அங்கே ஆடுபவர் களத்துப் பயிற்றுநர். பணம் அவர் கண்ணில் படுவதில்லை. 1980இல் டானியல் ஓக்ரென்ற் என்ற பத்திரிகையாளரும் நண்பரும் நியூயோர்க்கில் 'ரொட்டிஸெரி லீக்' என்ற கற்பனைப் போட்டியைத் தொடங்கினர். ஒவ்வொருவருக்கும் 260 டொலர் எல்லை; அதற்குள் மெய்யான ஆட்டக்காரரின் பெயர்களை ஏலத்தில் எடுத்து அணி சேர்க்க வேண்டும். 1961இல் பகடை, 1980இல் ஏலம். இடையிலே நிகழ்ந்தது 1975. தக்கவைப்பு விதியின் கீழ் சம்பளக் கணக்கில் விறுவிறுப்பு எதுவும் இருக்க முடியாது. வேறெங்கும் போக முடியாதவனுக்கு விலை பேசுவது எங்ஙனம் ஓர் ஆட்டமாகும்? உழைப்பவன் வெளியேறும் உரிமையைப் பெற்றபின்னரே கணக்கேடு ஆடுகளமாயிற்று. ஆயின் அந்த உரிமையால் பிறந்த விளையாட்டு, ஆடுபவரை உழைப்பவனின் இருக்கையில் அமர்த்தவில்லை. முதலாளியின் மேசைக்குப் பின்னால் அமர்த்தியது.

அம்மேசையிலிருந்து பார்த்தால் வெற்றிக்கு வழி ஒன்றே. ஆறாண்டு நிரம்பாத இளைஞரிடமிருந்து இயன்றவரை பெறுதல். ஆறாண்டு நெருங்கியதும் கைமாற்றி மேலும் இளையவரைப் பெறுதல். ஆட்டக்காரனின் உழைப்பால் கழகம் பெறும் மதிப்பிலிருந்து அவன் சம்பளத்தைக் கழித்தால் எஞ்சுவதை அமெரிக்கப் பேஸ்போல் ஆய்வாளர் 'உபரி மதிப்பு' என்றே எழுதுகின்றனர். கார்ல் மார்க்ஸின் பெயரைக் கேட்டால் முகஞ்சுளிக்கும் நாட்டில், அவருடைய கலைச்சொல் எவ்வித நாணமுமின்றிப் பேரேட்டில் ஏறியிருக்கிறது. சுரண்டலைக் காட்டுவதற்கன்று, அதனைத் திறம்படச் செய்வதற்கு. 2002இல் ஒக்லண்ட் கழகம் ஏறத்தாழ 4 கோடி டொலர் சம்பளச் செலவில் 103 ஆட்டங்களை வென்றது. அதனினும் மும்மடங்கு செலவிட்ட நியூயோர்க் யாங்கீஸும் 103 ஆட்டங்களையே வென்றது. 2003இல் மைக்கல் லூயிஸ் எழுதிய 'மணிபோல்' நூலும் 2011இல் வந்த அதன் திரைப்படமும் முகாமையாளர் பில்லி பீனின் அறிவுக்கூர்மையை உலகறியச் செய்தன. கூர்மை மெய்யே. ஆயினும் அவ்வணியைத் தாங்கிய ஹட்சன், மல்டர், ஸிற்றோ என்ற மூன்று பந்தெறிபவரும், தெஹாடாவும் ஆறாண்டு நிரம்பாதவர்கள்; வேறெங்கும் போக இயலாதவர்கள். திரைப்படத்தில் இவர்களைத் தேடித்தான் காண வேண்டும்.

திரையில் கற்கும் இப்பாடம் திரைக்கு வெளியிலும் நடைபெறுகிறது. கணக்கின்படி ஒரு சேவையாண்டு என்பது 172 நாள். 2015இல் சிக்காகோ கப்ஸ் கழகம் கிறிஸ் பிரயன்ற் என்ற இளைஞரைப் பருவத்தின் தொடக்கத்தில் கீழ்நிலை அணியில் நிறுத்திவைத்து, பன்னிரண்டாம் நாளுக்குப்பின் மேலே அழைத்தது. பயிற்சி ஆட்டங்களில் அவரை விஞ்சியவர் இல்லை. ஆண்டு முடிவில் அவர் கணக்கில் இருந்தது 171 நாள். ஒரு நாள் குறைந்தமையால் சுதந்திரம் ஓராண்டு தள்ளிப்போயிற்று. அவ்வாண்டின் சிறந்த புதுமுகம், மறு ஆண்டின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதுகளை அவர் பெற்றார்; சங்கத்தின் மூலம் தொடுத்த முறைப்பாட்டிலோ 2020இல் தோற்றார். தற்காப்புப் பயிற்சிக்காகவே நிறுத்திவைத்தோம் என்பது கழகத்தின் விளக்கம். கணக்கேட்டு விளையாட்டில் பழகியவர் எவரும் அவ்விளக்கத்தைக் கேட்டுப் புன்னகை செய்வார். தாமும் அதனையே செய்திருப்பாரல்லவா?

திரையிலுள்ள மற்றொரு பெட்டியின் பெயர் 'ஆடம்பர வரி'. சம்பளப் பட்டியல் குறித்த எல்லையைத் தாண்டினால் கழகம் செலுத்த வேண்டிய தண்டம் அது. 1994இல் உரிமையாளர் சம்பளத்துக்கு உச்சவரம்பு விதிக்க முயன்றனர். ஆட்டக்காரர் ஓகஸ்ட் மாதம் வேலைநிறுத்தம் செய்தனர். உலகத் தொடர் என்னும் இறுதிப்போட்டியே நடைபெறாது போயிற்று. 1995இல் நீதிபதி சோனியா சொற்றோமயோர் பிறப்பித்த தடையுத்தரவுக்குப் பின்னரே ஆட்டம் தொடர்ந்தது. உச்சவரம்பு வரவில்லை, அதற்கு ஈடாக இவ்வரி வந்தது. ஆட்டக்காரனின் கூலி ஓர் அளவைத் தாண்டினால் அது ஆடம்பரம். உரிமையாளரின் இலாபம் எவ்வளவு தாண்டினாலும் அதற்கு அப்பெயரில்லை. சொற்களைச் சூட்டுபவர் யார் என்பதைத் தமிழ் பயின்ற எவரும் கேட்காமல் இருக்க முடியாது.

கோடிக்கணக்கில் சம்பளம் பெறுவோருக்காகக் கண்ணீர் விடவேண்டுமா என்று வாசகர் வினவுதல் கூடும். நியாயமான வினா. 2024 டிசெம்பரில் ஹுவான் சோற்றோ பதினைந்து ஆண்டுகளுக்கு 76 கோடியே 50 இலட்சம் டொலருக்கு நியூயோர்க் மெற்ஸுடன் ஒப்பந்தம் செய்தார். அவர் ஏழையல்லர். ஆயின் பேரேட்டின் அடிப்பக்கத்தில் வேறு மனிதர்கள் இருக்கிறார்கள். கீழ்நிலை அணிகளில் ஆடும் இளைஞருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் காப்புக் கிடையாதென்று 2018இல் அமெரிக்கக் காங்கிரசே சட்டம் இயற்றியது. 2022இல்தான் அவர்கள் சங்கத்தில் சேர்ந்தனர்; 2023இல் முதல் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன்படி ஒற்றை ஏ நிலையில் ஆண்டுச் சம்பளம் 11,000 டொலரிலிருந்து 26,200 ஆயிற்று. உச்சியிலுள்ள மூன்று ஏ நிலையில் 17,500இலிருந்து 35,800. அதுவரை பலர் பருவம் முடிந்ததும் வேறு கூலிவேலை தேடியே வயிறு வளர்த்தனர்.

இவ்விளையாட்டுகளைப் பழிப்பது என் கருத்தன்று. ஒரு வகையில் அவை மெய்யுலகைவிட நேர்மையானவை. திரையில் கழகத்தின் வரவும் செலவும் ஆடுபவருக்கு முழுமையாகத் தெரிகின்றன. மெய்யான கழகங்களோ, பங்குச்சந்தையில் பதிவான நிறுவனமொன்றுக்குச் சொந்தமான அற்லாண்டா பிரேவ்ஸ் போன்ற சிலவற்றைத் தவிர, கணக்கேட்டை யாருக்கும் காட்டுவதில்லை. நட்டம், நட்டம் என்று மட்டும் சொல்லும். 2010இல் சில கழகங்களின் கணக்குகள் கசிந்து வெளிவந்தபோது, 1993 முதல் ஒவ்வோர் ஆண்டும் வென்றதைவிட மிகுதியாகத் தோற்றுக்கொண்டிருந்த பிற்ஸ்பேர்க் கழகம், 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 2 கோடியே 94 இலட்சம் டொலர் இலாபம் ஈட்டியிருந்தமை தெரியவந்தது. தோல்வியிலும் இலாபம் உண்டு என்ற இச்செய்தியை எந்த விளையாட்டின் கையேடும் ஆடுபவருக்குக் கற்பிப்பதில்லை. வீக்கின் தேய்மானக் கணக்குக்கும் 'அவுட் ஒவ் த பார்க்'கின் பேரேட்டில் பத்தி இல்லை.

அவ்விளையாட்டில் பழைய பருவங்களுக்குச் சென்று ஆடவும் வழியுண்டு. 1871 வரை பின்னோக்கிப் போகலாம். ஒருவர் விரும்பினால் 1969ஐத் தெரிந்து, சென் லூயிஸ் கழகத்தின் முகாமையாளராக அமரலாம். நடுக்களத்தில் கேர்ட் ஃபிளட் நிற்பார். அவர் பெயருக்கு நேரே வயது, திறன், சம்பளம் என்ற எண்கள் வரிசையாக இருக்கும். பருவம் முடிந்ததும் பிலடெல்பியாவுடன் பேசி அவரை மாற்றிக்கொள்ளலாம். ஒரு கணத்தில் அவர் பெயர் இந்தப் பட்டியலிலிருந்து மறைந்து அந்தப் பட்டியலில் தோன்றும். டிசெம்பர் 24 வரும், போகும். கடிதம் எதுவும் வராது.